பந்துக்கு இறக்கை முளைக்கும். நெஞ்சுக்கு இறுக்கம் பிடிக்கும்

கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டதும், அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கையில் ஒரு மட்டையும் காலடியில் ஒரு சிறு பந்துமாக, 18 குழிகளை நாடிப் புல்வெளியில் நடக்கும் ஆட்டம் அது. பணயம் வைத்து ஆடுவோரும் உண்டு. அது நமக்கு விலக்கப்பட்டது. நடையும் நிதானமும் மட்டும் என்றால் குற்றமில்லை.

இந்த ஆடுகளங்களின் நீளத்தைக் கெஜத்தில் அளப்பார்கள். பெரும் போட்டிகள் நடக்கும் களங்கள் பெரும்பாலும் 7,000 கெஜத்தைச் சற்றே தாண்டும். ஆனால் சீனாவின் யுன்னான் மாநிலத்தில், லிஜியாங் நகரையொட்டிய ஜேட் டிராகன் பனிமலையின் அடிவாரத்தில் அமைக்கப்பட்ட களத்தின் நீளம் 8,548 கெஜம். உயரமோ கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்கும் மேல். (15ஆம் நூற்றாண்டில் மாபெரும் கப்பற்படைகளை இந்தியப் பெருங்கடலில் செலுத்திய முஸ்லிம் கடலோடி ஜெங் ஹே பிறந்ததும் இதே யுன்னானில்தான்.) அமெரிக்காவின் கொலராடோவில், சுமார் 6,200 அடி உயரத்திலுள்ள காசில் பைன்ஸ் களத்தில் 2024 ஆகஸ்டில் நடந்த போட்டிக்கு 8,130 கெஜம் நீளம் வைத்தார்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீளமான களம் இருந்ததில்லை.

மலைமேல் மட்டும் ஏன் இத்தனை நீளம்? 10,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைந்துவிடுகிறது. தடுக்கும் காற்று மெலிந்தால் பந்து தூரம் போகும். அப்படியானால் தூரமும் நான்கில் ஒரு பங்கு கூட வேண்டுமல்லவா? கூடுவதில்லை. இங்கேதான் படைத்தவனின் நுட்பமான கணக்கைக் காண்கிறோம். கோல்ஃப் பந்தின் மேனியெங்கும் சிறு குழிவுகள் இருக்கும். பின்னோக்கிச் சுழன்றுகொண்டே பறக்கும் அப்பந்தைத் தடுப்பதும் காற்றுதான். மேலே தாங்கிப் பிடிப்பதும் அதே காற்றுதான். தடை குறையும்போது தாங்குதலும் குறைகிறது. ஆகவே ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஒரு விழுக்காட்டைவிடச் சற்றே அதிகமான தூரம்தான் மிச்சம். கடற்கரையில் 150 கெஜம் போகும் அடி, 10,000 அடி உயரத்தில் 168 கெஜம் போகலாம். குளிர் கடுமையானால் அதிலும் கொஞ்சம் கழிந்துவிடும்.

இப்போது நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மலை தரும் சலுகையைக் கழித்தாலும் லிஜியாங் களம் சமவெளியின் 7,600 கெஜத்துக்குச் சமம். காசில் பைன்ஸும் ஏறத்தாழ அதே அளவுதான். மலை கொடுத்ததைவிடக் களம் அமைத்தவர்கள் அதிகமாகவே பிடுங்கிக்கொண்டார்கள்! ஏட்டில் காணும் கெஜத்தை நம்பி மட்டையைத் தேர்ந்தெடுப்பவர் குழியைத் தாண்டிப் பந்தை அனுப்பிவிட்டு விழிக்க வேண்டியதுதான்.

பந்தின் கதை இது. நடப்பவரின் கதை வேறு. 8,548 கெஜம் என்பது 7.8 கிலோமீட்டர், ஒரு குழியிலிருந்து அடுத்த குழியின் தொடக்கத்துக்கு நடப்பது தனி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 விழுக்காடே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவே. பந்தின் பாதையை எளிதாக்கிய அதே மெலிந்த காற்றுதான் நெஞ்சை இறுக்குகிறது. திருக்குர்ஆனில் அல் அன்ஆம் அத்தியாயத்தின் 125ஆம் வசனத்தில், வானில் ஏறுபவனின் நெஞ்சு நெருக்கப்படுவது உவமையாக வருவதை அறிவீர்கள்.

கோல்ஃப் ஆடாத குடும்பத்தாருக்கும் இது பயன்படும். கோடை விடுமுறையில் காஷ்மீர் செல்வோர் குல்மார்க்கைக் காணாமல் திரும்புவதில்லை. சுல்தான் யூசுஃப் ஷா பெயர் சூட்டிய அந்தப் பூவெளியில், 8,700 அடி உயரத்தில், ஆங்கிலேயர் தொடங்கிய கோல்ஃப் களம் உண்டு. புதுப்பிக்கப்பட்டபின் அதன் நீளம் 7,500 கெஜம். மலைச் சலுகையைக் கழித்தால் வெறும் 6,800தான். ஆட்டக்காரர்களுக்கு அது அச்சமூட்டும் களமன்று.

ஆனால் 8,000 அடியைத் தாண்டினாலே உயர நோய் சிலரைத் தாக்கும். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் அஃபர்வத் மலைக்குச் சென்றால் உயரம் சுமார் 13,000 அடி! காலையில் சென்னையில் விமானம் ஏறி, மாலையில் குல்மார்க்கில் வாப்பாவையும் உம்மாவையும் வேகமாக நடக்க வைப்பது முறையாகாது. 5,200 அடியிலுள்ள ஸ்ரீநகரில் ஓரிரு நாள் தங்கி உடலைப் பழக்குங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடட்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவரை உடனே கீழே இறக்கி மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.