தாளம் தவறும் இதயத்தைப் படம்பிடிப்பது எப்படி?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடக்கும் ‘மேலறை நடுக்கம்’ என்னும் நிலையில், துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் மாறிக்கொண்டே இருப்பதால், பல துடிப்புகளில் எடுத்த துண்டுகளை ஒட்டி முழுப்படம் ஆக்கும் சி.டி. கருவி தடுமாறுகிறது. கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதுபோல, இதயத் தமனி படத்தில் முறிந்து விலகித் தெரிய, இல்லாத அடைப்பு இருப்பதாகவும் இருக்கும் அடைப்பு இல்லாததாகவும் தோன்றக்கூடும்.

இதற்கு முதன்மையான மருந்து வேகம். கருவியின் வளையம் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 0.3 நொடி ஆகிறது. ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு அரைச்சுற்றே போதும் என்றாலும், ஓயாது அசையும் இதயத்துக்கு அதுவும் நீண்ட நேரமே. 2005-இல் அறிமுகமான இரட்டைக் கதிர்மூலக் கருவி, இரண்டு எக்ஸ் கதிர்க் குழாய்களை ஏறத்தாழச் செங்கோணத்தில் நிறுத்தி, கால்சுற்றிலேயே படமெடுத்து அந்நேரத்தைப் பாதியாக்கியது. 16 செ.மீ. அகல உணரி கொண்ட கருவியோ முழு இதயத்தையும் ஒரே துடிப்பில் அடக்கிவிடுவதால் ஒட்டுவேலைக்கே இடமில்லை. துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்தோடு, சுருக்கத்தின் இறுதிக் கட்டத்தில் படமெடுக்கும் உத்தியும் துணைசெய்கிறது. ஏனெனில், தாளம் தவறினும் மாறுவது பெரும்பாலும் ஓய்வு நேரமே; சுருங்கும் நேரம் அதிகம் மாறாது.

ஆகவே, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ இப்பரிசோதனைக்காகச் செல்வோர், தம் நாடித்துடிப்பு சீரற்றிருப்பதை நாள் குறிக்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.