வழியில் தங்கிவிட்ட செல்கள்

விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாற வேண்டிய செல்லிலிருந்து வருகிற புற்றுநோய், வயிற்றின் பின்பக்கம், சிறுநீரகங்களுக்கு நடுவில் எப்படி வந்து உட்காருகிறது? ஜெர்ம் செல் கட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னைக் குடைந்த கேள்வி இதுதான்.

விடை கருவிலேயே இருக்கிறது. இந்தச் செல்கள் முதலில் தென்படுவது விரையிலோ சினைப்பையிலோ இல்லை. நான்காவது வாரவாக்கில் அவை கருவை ஒட்டிய யோக் சாக் என்ற பையின் சுவரில் இருக்கின்றன. அங்கிருந்து, பின்னாளில் குடலாகப் போகிற குழாயை ஒட்டியே நகர்ந்து, ஆறாவது வாரத்துக்குள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. சில வழியிலேயே தங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோகும். பிழைத்த ஒன்றிரண்டு பிற்காலத்தில் கட்டியாகலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வால் எலும்பு, அடிவயிறு, நெஞ்சு, மூளை என்று இவை உடம்பின் நடுக்கோட்டை ஒட்டியே வருவதும் இதற்குப் பொருந்துகிறது.

சரி, இதனால் நமக்கென்ன? இளைஞனுக்கு விடாத முதுகுவலி, வயிற்றுவலி. ஸ்கேனில் பெரிய கட்டி. வீடே இடிந்துபோய்விடும். ஆனால் இந்தக் கட்டிகளில் பல, ரத்தத்தில் தடயம் விடுகின்றன. ஒன்று ஏ.எஃப்.பி. கருவில் யோக் சாக் சுரக்கும் அதே புரதம். இன்னொன்று எச்.சி.ஜி. கர்ப்பப் பரிசோதனைக் கிட் தேடுகிற அதே ஹார்மோன். சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். கைக்குழந்தைகளுக்கு ஏ.எஃப்.பி. இயல்பாகவே அதிகம் என்பதால் வயதை வைத்துத்தான் அளவைப் பார்க்க வேண்டும். பையன்களுக்கு விரையையும் அல்ட்ராசவுண்டில் பார்த்தாக வேண்டும். அங்கே பட்டாணி அளவில் இருக்கும் கட்டி வயிற்றுக்குப் பரவியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1974இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், விரைப் புற்று நுரையீரல்வரை பரவியிருந்த ஜான் கிளீலாண்டுக்கு டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் சேர்த்த மருந்துக் கூட்டைக் கொடுத்தார். நோய் மறைந்தது. அதற்குமுன் இப்படிப் பரவியவர்களில் பெரும்பாலானோர் பிழைத்ததில்லை. இன்று வயிற்றுக்குப் பரவிய பிறகும் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

அதனால், கட்டி பெரிசு என்ற ஒரே காரணத்துக்காகக் கையை விரித்துவிடாதீர்கள். அவசரப்பட்டு வெட்டவும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. பார்த்தாச்சா சார்?"