பானெட்டைத் திறந்தால்... – 14: ஆறினால் ஓடும் வண்டி

கத்திரி வெயிலில் பழைய அம்பாசடர் ஒன்று நடுச்சாலையில் நின்றுவிட்டால் டிரைவர் முதலில் தேடுவது ஈரத்துணி. பெட்ரோல் பம்ப் மேல் அதைப் போட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் போய்வருவார். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். "பம்ப்தான் சார் கோளாறு" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

ஆனால், அந்த நேரத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? இக்னிஷன் காயில், கண்டென்சர் எல்லாமே ஆறியிருக்கும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைக்கும் வேப்பர் லாக்குக்கும் காயில் கோளாறுக்கும் அறிகுறி ஒன்றுதான். எது காரணம் என்பதை வண்டி ஆறுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதனால் வண்டி நின்ற கையோடு ஸ்பார்க்கைப் பாருங்கள். காயிலிலிருந்து வரும் தடித்த வயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதை எஞ்சினில் எர்த் செய்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி பாய்ந்தால் காயில் மீது பழி இல்லை. மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ இக்னிஷன் பக்கம் திரும்பலாம்.

சூடு காயிலை என்ன செய்கிறது? செம்புக் கம்பியின் மின்தடை சூட்டோடு சேர்ந்து ஏறும். பேலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயிலின் பிரைமரியில் சாதாரணமாகச் சுமார் 3 ஓம் இருக்கும். 30 டிகிரியில் 3 ஓம் காட்டுவது, 90 டிகிரியில் ஏறக்குறைய 3.7 ஆகிவிடும். 4 ஆம்பியர் பாய்ந்த இடத்தில் 3.2தான் பாயும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே இன்சுலேஷன் தளர்ந்த காயில் தாங்காது.

பட்டறையில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. மீட்டர் தருவது சில வோல்ட். ஓடும்போது செகண்டரியில் எழுவதோ பல ஆயிரம் வோல்ட். அந்த அழுத்தமும் சூடும் சேர்ந்தால்தான் கசிவு வெளிப்படும். ஆகவே ஹேர் டிரையரால் காயிலைச் சுடவைத்து, எஞ்சினை ஓடவிட்டுச் சோதியுங்கள். பிறகு கண்டென்சர். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். நெருப்பு கூடவே கூடாது.

எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் இது விலக்கல்ல. 1980-களில் அமெரிக்காவில் ஃபோர்டு தன் கார்கள் பலவற்றில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே திருகி வைத்தது. எஞ்சின் சூடு நேராக அதில் ஏறியது. சூட்டில் வண்டி நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது என்ற புகார்கள் வழக்காகி, 2000-இல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. பிந்தைய மாடல்கள் சிலவற்றில் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுத் தள்ளிப் போனது.

காயிலை மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை நேராக 12 வோல்ட்டில் மாட்டியிருந்தால் 8 ஆம்பியர் வரை இழுத்துச் சூடேறும். அந்த இடத்தில் எத்தனை புதுக் காயில் போட்டாலும் வெந்துதான் போகும்.

ஸ்பார்க் பளிச்சென்று வந்தும் வண்டி கிளம்பவில்லையா? அப்போது ஈரத்துணிக்கு வேலை உண்டு. வேப்பர் லாக் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)