ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்!

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, லீவுல வெளிநாடு போகலாம்னு இருக்கோம். சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகலை. நீங்கதான் போயிட்டு வந்திருக்கீங்களே, என்னென்ன பார்த்துக்கணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லச் சொல்ல, இதை நம் பகுதிக்கே எழுதி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. நாங்கள் கிளம்பியபோது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "ஒரு தடவையாவது வந்துட்டுப் போங்கக்கா" என்று கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். 2024 மே மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் போனோம். நான், என் கணவர், ஆறு வயது மகன், ஒன்றே முக்கால் வயது மகள். இருபது மாதம் கட்டிய சீட்டுப் பணம்தான் செலவுக்கு.

முதலில் பிறப்புச் சான்றிதழ்

"டிக்கெட் போட்டாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வேன், முதலில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எங்கள் மகளின் சான்றிதழில் பெயரே இல்லை! பிறந்தவுடன் பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் போனால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துவிடலாம். அப்புறம் என்றால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். நாங்கள் கட்டினோம். மகனுடைய சான்றிதழில் இன்னொரு கோளாறு. அப்பா பெயரில், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல். அதைத் திருத்த நான்கு முறை அலைந்தோம். இந்த இரண்டு வேலைக்கே ஏழு வாரம் ஓடிவிட்டது. நல்ல வேளையாக டிக்கெட் போட்டிருக்கவில்லை.

அம்மா பாஸ்போர்ட்டிலேயே கைக்குழந்தையும் போய்விடலாம் என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா வேண்டும். நம்முடைய பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும் என்றால், சின்னப் பிள்ளைகளுடையது ஐந்து வருடம்தான். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவைக் கையில் கொண்டுபோக வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். வெளிநாட்டில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சிங்கப்பூருக்கு இன்னொன்றும் உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் வருகை அட்டையைக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் உண்டு. அரசாங்கத் தளத்தில் இது இலவசம். இதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், டிக்கெட்டும் குறைவு. ஆனால் போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்பும் தேதிக்குள் ஆகிவிட்டால் திரும்புவதற்குத் தனி சீட் வாங்க வேண்டிவரும். பிறந்த நாளைப் பார்த்துத் தேதி வையுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது?

என் மாமியார் ஒரு வாரத்துக்கு முன்பே முறுக்கு சுற்ற ஆரம்பித்துவிட்டார். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வற்றல் என்று பெட்டியில் பாதி அதுவே. அதில் தம்பி மனைவிக்காக வீட்டில் அரைத்த குருமா மசாலாவும் இருந்தது. தம்பி போனில், "அக்கா, அதுல கசகசா இருக்கா? இருந்தா கொண்டு வராதீங்க, இங்கே தடை" என்றான். நமக்கு அது சமையல் சாமான். அங்கே போதைப் பொருள் கணக்கில் பார்க்கிறார்கள். அரபு நாடுகள் சிலவற்றிலும் இதே கதைதான். ஆகவே அரைத்த மசாலா கொண்டுபோனால் அதில் என்னென்ன சேர்த்தோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இறைச்சிப் பண்டங்கள் வேண்டாம். சூயிங்கம் அந்த ஊரில் 1992 முதல் தடை. வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடாது. கொப்பரைத் தேங்காயை 2022 முதல் விமானத்தில் பெட்டியில் போடவே நம் ஊரில் விடுவதில்லை. எண்ணெய்ப் பசை உள்ளதால் தீப்பிடிக்கும் என்று பயம்.

ஊறுகாய், நெய் இவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். குழந்தைக்கு வழிக்கு வேண்டிய பாலும் சாதக்கூழும் கொண்டுபோகலாம். நான் அரிசி, பயத்தம்பருப்பு வறுத்து அரைத்த கஞ்சி மாவை சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். ஃபிளாஸ்கைக் கொடுத்தால் விமானப் பணிப்பெண் வெந்நீர் ஊற்றித் தந்தாள். கைப்பையில் குழந்தைக்கு இரண்டு ஜோடி உடுப்போடு உங்களுக்கும் ஒரு ஜோடி வையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் நனைவது அம்மாவின் சேலையும்தானே!

இத்தனையும் எடுத்து வைத்த நான், காய்ச்சல் மருந்தை மட்டும் ஃபிரிட்ஜின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

விமானத்தில்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் குழந்தைகளுக்குக் காது வலிக்கும். எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் வலிக்காது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்கலாம். பெரிய குழந்தைக்குக் குச்சி மிட்டாய் போதும். நான் செய்த தவறு, விமானம் கிளம்பியவுடனே பாலைக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். இறங்கும்போதுதான் வலி அதிகம். தூங்கிக்கொண்டிருந்தவள் வீறிட்டு எழுந்து இறங்கும்வரை அழுதாள். விமானம் கீழே இறங்கத் தொடங்கும்போதே குழந்தையை எழுப்பி ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

மகன் சட்டைப் பையில் தம்பியின் போன் நம்பர், வீட்டு விலாசம் எழுதிய அட்டை வைத்தேன். "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, நின்ன இடத்துலயே நில்லு" என்று பத்து தடவை சொல்லிக் கொடுத்தேன். தேவைப்படவில்லை என்றாலும் அது என் மனதுக்கு ஒரு தெம்பு.

பதினோரு இடமும் ஒரு காய்ச்சலும்

என் கணவர் ஆறு நாளில் பதினோரு இடம் என்று ஒரு பட்டியலே போட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. இவ்வளவு செலவழித்துப் போகிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை. எனக்கும் அந்த ஆசைதான். மூன்று இடத்துக்கு முன்பணம் கட்டி டிக்கெட்டும் வாங்கிவிட்டார். பணம் திரும்பி வராத டிக்கெட்.

இதில் ஒன்றை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை ஏழு மணிக்கு எழுப்பினால் பிள்ளைகளுக்கு அது விடியற்காலை நாலரை. ராத்திரி ஒன்பது மணிக்குப் படு என்றால் அவர்களுக்கு மாலை ஆறரை. எப்படித் தூங்கும்?

இரண்டாம் நாள் காலை ஏழுக்கு எழுப்பி மிருகக்காட்சி சாலை. அங்கே உராங்குட்டான் குரங்குகள் தலைக்கு மேலேயே மரம் தாவுகின்றன. மகனுக்கு ஒரே குதூகலம். நாலு மணிக்குத் திரும்பி, உடனே மறுபடி கிளம்பிக் கடலோரப் பூங்காவில் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி. அது இலவசம், பார்க்க வேண்டியதுதான். வீடு திரும்ப மணி பத்தரை. மூன்றாம் நாள் மறுபடி எட்டு மணிக்கே கிளம்பினோம். அங்கே வெயில் நம் ஊர் மாதிரிதான், ஆனால் பிசுபிசுவென்று வியர்க்கும். ரயிலில் மகன் "தண்ணி வேணும்" என்றான். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். "இறங்கினதும் தரேன்டா" என்று அடக்கினேன். அப்புறம் மறந்தே போனேன்.

அன்று சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்தைத் தேடினால்தான் ஊரில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. தம்பி வீட்டில் குழந்தை இல்லை, குழந்தை மருந்தும் இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். தம்பி மனைவி, "வேண்டாம் அண்ணி, அளவு தெரியாம குடுக்காதீங்க" என்று தடுத்துப் பக்கத்துக் கட்டட கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். தொண்டையில் லேசான தொற்று, அதோடு வெயிலும் களைப்பும், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். மருந்தோடு 72 வெள்ளி. அங்கே டாலரை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்கிறார்கள். அப்போது ஒரு வெள்ளி சுமார் 62 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ராத்திரி எங்களுக்குள் சண்டை. "நாளைக்கு டிக்கெட் என்ன ஆகறது? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார் அவர். "பிள்ளை இப்படிக் கிடக்கும்போது டிக்கெட்டா பெருசு?" என்று நான். "மருந்தை மறந்தது யாரு?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச்சே வரவில்லை. மாமியாருக்குப் போன் போட்டேன், திட்டுவார் என்று பயந்துகொண்டே. "ஊரு எங்கேயும் ஓடிடாதும்மா. பிள்ளையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். நடுராத்திரி நான் கண் விழித்தபோது, என் கணவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டியலைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

மீதி நாட்களை வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். பத்து மணிக்கு மேல்தான் வெளியே. ஒரு நாளைக்கு ஒரே இடம். மத்தியானம் வீட்டுக்கு வந்து தூக்கம். ஒரு நாள் சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், அங்கேயே இட்லி. ஒரு நாள் அதே கடலோரப் பூங்காவில் குழந்தைகளுக்கான தண்ணீர் விளையாட்டு இடம், அதுவும் இலவசம். மற்ற நேரமெல்லாம் தம்பி வீட்டுக் கட்டடத்தின் கீழே உள்ள சறுக்கு மரம். அங்கே ஒரு சீனப் பையனும் என் மகனும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே இரண்டு மணி நேரம் விளையாடினார்கள். இரண்டு டிக்கெட் வீணாய்த்தான் போனது. வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பியதும் பாட்டி, "என்னடா பார்த்தே?" என்று கேட்டார். மகன் முதலில் சொன்னது அந்தச் சீனப் பையனை. அடுத்தது, ரயில் நிலையப் பலகையில் தமிழ் எழுத்து இருந்ததை. குரங்கு மூன்றாவதுதான்!

கிளம்பும் சகோதரிகளுக்கு

* குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல், வாந்தி, பேதி மருந்துகள், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிரப்புக்குச் சிரப்பு வீரியம் மாறும்.
* பயணக் காப்பீடு எடுங்கள். டாக்டர் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். நாங்கள் எடுக்கவில்லை.
* சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. மடக்கும் தள்ளுவண்டி இருந்தால் இடுப்பு பிழைக்கும்.
* அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காமல் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரயில் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளைக் குடிக்க வையுங்கள்.
* போன முதல் நாளும் கடைசி நாளும் எங்கேயும் போவதாகத் திட்டம் வேண்டாம்.
* பணம் திரும்பி வராத டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்காதீர்கள். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அடுத்த கோடை விடுமுறைக்கு மைசூர் போகலாம் என்று என் கணவர் இப்போதே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளிலும் ஒரு இடம்தான் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, "மத்தியானம் தூக்கம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

நாங்கள் பட்ட பாடு உங்களில் ஒருவருக்கு உதவினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.