ஆங்கில உடைமைக் குறி

ஆங்கில உடைமைக் குறி என்பது, ஒரு பொருள் இன்னாருக்கு உரியது என்பதைக் காட்டுவதற்காக ஆங்கிலப் பெயர்ச்சொற்களுடன் இடப்படும் குறியாகும். இது அப்பாஸ்ட்ரபி எனப்படும். காற்புள்ளியின் வடிவில் எழுத்தின் மேற்புறத்தில் இடப்படும் இக்குறிக்குத் தனி ஒலிப்பு இல்லை. எனவே பேச்சில் ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களை எழுத்தில் வேறுபடுத்த இக்குறி உதவுகிறது.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் "எஸ்" என்னும் விகுதியை ஏற்று உடைமைப் பொருளை உணர்த்தின. அவ்விகுதி "இ", "எஸ்" ஆகிய இரு எழுத்துகளால் எழுதப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில், விடுபட்ட எழுத்தைக் காட்டும் குறியாக அப்பாஸ்ட்ரபி பிரெஞ்சு வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர் இதுவே உடைமையைக் காட்டும் குறியாகவும் நிலைபெற்றது.

விதிகள்

- ஒருமைப் பெயர்: குறியை இட்டு, அதன்பின் "எஸ்" எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஸ்டூடன்ட்'ஸ் என்றால் ஒரு மாணவருடைய என்று பொருள்.
- "எஸ்" எழுத்தில் முடியும் பன்மைப் பெயர்: குறி இறுதியில் வரும். ஸ்டூடன்ட்ஸ்' என்றால் மாணவர்களுடைய என்று பொருள்.
- "எஸ்" எழுத்தில் முடியாத பன்மைப் பெயர்: ஒருமையைப் போலவே எழுதப்படும். எடுத்துக்காட்டு: சில்ரன்'ஸ்.
- வெறும் பன்மை: உடைமைப் பொருள் இல்லாதபோது குறி இடுவதில்லை. ஸ்டூடன்ட்ஸ் என்றால் மாணவர்கள் என்பதே பொருள்.

இருவருக்குப் பொதுவான உடைமையைக் குறிக்கும்போது, இரண்டாம் பெயருடன் மட்டும் குறி வரும். தனித்தனி உடைமை எனில் இரு பெயர்களுடனும் வரும். ஆகவே "டாம் அண்ட் மேரி'ஸ்" வீடுகள் இருவருக்கும் பொதுவானவை. "டாம்'ஸ் அண்ட் மேரி'ஸ்" வீடுகள் அவரவருக்கு உரியவை.

"இட்ஸ்" என்னும் சொல்

மாணவர்கள் மிகுதியாகப் பிழை செய்யும் இடம் இதுவாகும். "அதனுடைய" என்னும் பொருளில் வரும் "இட்ஸ்" குறியின்றி எழுதப்படும். ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் முதலிய சொற்களைப் போல இதுவும் இயல்பாகவே உடைமையை உணர்த்தும் மாற்றுப்பெயர் ஆகும். குறியுடன் எழுதினால் அது "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்பதன் சுருக்கமாகிவிடும். ஐயம் எழும்போது "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என விரித்துப் படித்தால் தொடர் பொருந்துகிறதா எனப் பார்க்கலாம். பொருந்தாவிடில் குறி தேவையில்லை.

இவ்வேறுபாடு எப்போதும் இன்றுள்ளவாறு இருக்கவில்லை. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, 10ஆம் பிரிவில் "அதனுடைய" என்னும் பொருளிலேயே இச்சொல் குறியுடன் காணப்படுகிறது.

பெயர்களில் பயன்பாடு

"எஸ்" எழுத்தில் முடியும் ஒருமைப் பெயர்களுக்கு இரு வழக்குகள் உள்ளன. ஜேம்ஸ் என்பதை ஜேம்ஸ்' எனவும், மேலும் ஓர் "எஸ்" சேர்த்து ஜேம்ஸ்'ஸ் எனவும் எழுதுவர். ஒரே ஆவணத்தில் ஒரே முறையைப் பின்பற்றுவது நன்று.

1890இல் அமைக்கப்பட்ட அமெரிக்க நிலவியற் பெயர்கள் வாரியம், இடப்பெயர்களில் உடைமைக் குறியைப் பொதுவாக ஏற்பதில்லை. மார்த்தா'ஸ் வின்யார்ட் தீவு 1933இல் விதிவிலக்குப் பெற்றது. இலண்டன் சுரங்கத் தொடருந்துப் பாதையில் அடுத்தடுத்துள்ள நிலையங்களில் ஏர்ல்'ஸ் கோர்ட் குறியுடனும், பேரன்ஸ் கோர்ட் குறியின்றியும் எழுதப்படுகின்றன. பிரித்தானியப் புத்தகக் கடை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்து இக்குறியை நீக்கியது. இத்தகைய பெயர்களை விதியின்படி திருத்தாமல், உரியவர்கள் எழுதும் வடிவிலேயே எழுதுவது வழக்கமாகும்.