குளியலறைக்குள் நாற்பது ஆம்பியர்

பிரிட்டன் வீடுகளில் பரவலாக உள்ள மின் ஷவர், நம் ஊர்க் கீசரைப் போல நீரைத் தொட்டியில் தேக்கிச் சூடாக்கி வைப்பதில்லை. குழாயில் வரும் குளிர்நீர் கருவியைக் கடக்கும் சில நொடிகளுக்குள்ளேயே சூடேறியாக வேண்டும். 10 டிகிரி செல்சியஸில் வரும் நீரை 40 டிகிரிக்கு உயர்த்த லிட்டருக்கு ஏறத்தாழ 126 கிலோஜூல் ஆற்றல் தேவை என்பதால், 9.5 கிலோவாட் ஷவர்கூட நிமிடத்துக்கு நாலரை லிட்டர் வெந்நீரைத்தான் தரும். அந்தச் சிறு தாரைக்காகக் கருவி சுமார் 40 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்நாட்டுப் பிளக்கின் வரம்பு 13 ஆம்பியர்தான். எனவே மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து வேறெந்தக் கருவிக்கும் கிளை பிரியாத தனிக் கேபிள் ஒன்று ஷவருக்கென இழுக்கப்படுகிறது.

கேபிளின் தடிமனை முடிவு செய்வது வெப்பம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கம்பியில் எழும் வெப்பம் கிடைக்கும். 6 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கேபிளில் 40 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு மீட்டரிலும் 10 வாட் அளவுக்கு அது எழுகிறது. அவ்வெப்பம் வெளியேற வழியிருக்கிறதா என்பதே கேள்வி. பி.எஸ். 7671 என்னும் பிரிட்டிஷ் மின்கம்பியமைப்புத் தரநிலையின் அட்டவணைப்படி, பி.வி.சி. உறையிட்ட இந்தக் கேபிள் சுவரின் மேல் கிளிப் அடித்துப் பொருத்தப்பட்டால் 47 ஆம்பியர் தாங்கும். குளிர்காப்புப் பஞ்சு நிரப்பிய பலகைச் சுவருக்குள் பஞ்சால் முழுதும் சூழப்பட்டுச் சென்றால் 23.5 ஆம்பியர்தான். மாறியது கம்பியன்று, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள். 10 சதுர மில்லிமீட்டர் கேபிளும் அதே பஞ்சுக்குள் 64 ஆம்பியரிலிருந்து 32க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே, கேபிள் செல்லும் பாதையைக் கேட்காமல் அளவை மட்டும் சொல்லும் கடைக்காரரின் ஆலோசனை பாதி ஆலோசனையே.

இணைப்புகளில் நிலைமை இன்னும் கடுமை. கூரையில் பொருத்தி, ஈரக் கை படாதபடி கயிற்றால் இழுத்து இயக்கப்படும் சுவிட்ச், மின்னோட்டம் வரும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனை வகையாக இருக்கும். அதன் திருகு ஒன்று தளர்ந்து வெறும் 0.02 ஓம் தடை கூடினாலும், அந்த ஒரு புள்ளியில் 32 வாட் வெப்பம் திரண்டு, சால்டரிங் அயர்ன் நுனி போலப் பிளாஸ்டிக்கை உருக்கத் தொடங்கும். மின்னோட்டம் அளவு மீறவில்லையாகையால் சர்க்யூட் பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளாது.

குளிப்பவரின் உயிரையும் அந்த 40 அல்லது 45 ஆம்பியர் பிரேக்கர் காக்காது. உடல் வழியே அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே ஆபத்து. அதற்கெனவே, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று இடையறாது ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இங்கிலாந்தில் 2005 முதல் நடைமுறையிலுள்ள கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ பிரிவின்படி, புதிய சர்க்யூட் அமைப்பதை உள்ளூர் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அல்லது தாமே சான்றளிக்கும் உரிமை பெற்ற பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். அவர் முதலில் பார்ப்பது குளியலறையை அன்று, வீட்டின் பிரதான ஃபியூஸை: பழைய வீடுகள் சிலவற்றில் அது 60 ஆம்பியர்தான், ஷவரோடு மின் அடுப்பும் காரின் சார்ஜரும் ஒரே நேரத்தில் இயங்கினால் அது போதாது.