எபிரேய மறையும் பரபக்க முறையும்

பிறர் சமயத்தை ஆராயப் புகுவோன் அதன் கொள்கையை அச்சமயத்தார் கொண்டவாறே முன்னர்க் கூறுதல் வேண்டும் என்பது சைவாசாரியர் மரபு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதலிய 14 திறத்தார் கூற்றையும் முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுத்தருளினர். பிறர் நூலைக் கல்லாது இகழ்தல் இம்மரபுக்கு ஒவ்வாது. எபிரேய மறையைக் கற்பார்க்கும் இதுவே நெறியாம்.

எபிரேய மறையாவது யூதர் போற்றும் நூற்றொகுதி. யூதர் அதனை நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், ஏனைய எழுத்துக்கள் என மூன்றாகப் பகுத்து, 24 நூலாக எண்ணுவர். கிறித்தவர் அதனைப் பழைய ஏற்பாடு என்பர். மோசே பெயரால் வழங்கும் முதல் ஐந்து நூல்களும் தமிழில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயர் பெற்றன. ஆகமம் என்னுஞ் சொல் சைவர்க்கு உரிய வழக்கேயாம். பெயரளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் ஒப்புமை உண்டு. திருவிளக்கு எரித்தல், காலை மாலை நறும்புகை இடுதல், அப்பம் படைத்தல், குருமார் நீரால் தூய்மை செய்துகொள்ளல், எண்ணெயால் அபிடேகித்தல் ஆகியன யாத்திராகமத்தும் லேவியராகமத்தும் விதிக்கப்பட்டுள்ளன.

இவ்வொப்புமையைத் தெளியக் கண்டவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). இளமையில் பார்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் பயின்ற அவர், அவரது விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. திருக்கோயிற் கிரியைகளைப் பாதிரிமார் பழித்தபொழுது, அன்னோர் மறையிலேயே அத்தகைய கிரியைகள் உள்ளன என்பதை 1854-இல் இயற்றிய சைவதூஷண பரிகாரத்தில் எடுத்துக் காட்டினார். கற்றமையால் விளைந்த வன்மை அது. வெறுஞ் சினத்தான் எய்தியதன்று.

ஆயினும் வாதத்திற்கு வேண்டும் இடங்களை மட்டும் கொய்துகொள்ளுதல் முற்றக் கற்றலாகாது. ஒரு நூலை இலக்கியமாகக் கற்பான் அதன் யாப்பையும் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். எபிரேயச் செய்யுளில் ஓரடி கூறிய பொருளை அடுத்த அடி வேறு சொல்லால் மீட்டும் கூறும். அன்றி அதற்கு மறுதலையை நிறுத்தும். இவ்விணையடி முறையை இராபர்ட்டு லவுத்து என்பார் 1753-இல் விளக்கினார். இதனை அறியாதான் கூறியது கூறல் என்னும் குற்றம் காண்பான். சங்கீதத்துள் 119-ஆவது, எபிரேய எழுத்து 22-இன் முறையே, எழுத்தொன்றுக்கு எட்டாக 176 வசனம் உடையது. ஆத்திசூடியை எழுத்து முறையில் ஓதிய தமிழ்ச் சிறார்க்கு இது புதுமையன்று.

இனி, காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்து ஊடையால் நெய்து கோர்வையால் இணைப்பர். காண்பார்க்கு அஃது ஒரு சேலையே. நெய்வான் கண்ணுக்கோ இணைந்த இடம் புலனாம். ஆதியாகமமும் அத்தகையது. முதல் அதிகாரத்தில் விலங்குகளின் பின்னர் மாந்தர் படைக்கப்படுகின்றனர். இரண்டாவதில் முதலில் மனிதனும் பின்னர் விலங்குகளும் தோன்றுகின்றனர். கடவுட்கு வழங்கும் பெயரும் வேறுபடுகின்றது. ஆதலின் வெவ்வேறு காலத்து உரைகள் ஈண்டு இணைக்கப்பட்டன என்பர் ஆராய்ச்சியாளர். பகுப்பின் நுட்பங்களில் அவர்க்குள் இன்றும் பிணக்கு உண்டு.

வரலாறும் உடனறிதற்பாலது. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைக் கைப்பற்றிக் கோயிலை எரித்து, மக்களுட் பலரைச் சிறைகொண்டு சென்றனர். அவ்வழிவை அறியாதார்க்குப் புலம்பல் என்னும் நூல் வெற்றழுகையாகத் தோன்றும். அறிந்தார்க்கோ அது நகரிழந்தார் கையறுநிலையாம். கி.மு. 539-இல் பாரசீக வேந்தன் கோரேசு பாபிலோனை வென்றபின் மீண்டார் பலர். கோயில் மீண்டும் எழுந்தது. கி.பி. 70-இல் உரோமர் அதனையும் அழித்தனர். அதனோடு பலிக்கிரியையும் ஒழிந்தது. யூதர் வழிபாடு ஓதலையும் தொழுகையையும் பற்றி நின்றது. கிரியை மறைந்ததற்குக் காரணம் கோயிலின் அழிவு என்பது இதனாற் பெறப்படும். கிரியையை மறை இகழ்ந்தமையால் அது மறைந்தது என்பார் வரலாறு நோக்காதவர்.

மூலபாடமும் ஆராயத்தக்கது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் 1947 முதற் கிடைத்த சுருள்கள், அதுகாறும் அறியப்பட்ட எபிரேயப் படிகளினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையன. பல இடங்களில் பாடம் ஒத்தும் சில இடங்களில் வேறுபட்டும் உள்ளது. ஏடு பல ஒப்புநோக்கிப் பாடங்கொள்ளும் தமிழ்ப் புலவர்க்கு இவ்வுழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் ஓதப்பட்டது காஞ்சி மாநகர். ஏகாம்பரநாதர் திருக்கோயில் விளங்கும் அந்நகர்ப்புறத்தே திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளியும் இன்றளவும் நிற்கின்றது. பிறர் நூலைக் கேட்டமையாற் சைவம் தேய்ந்ததில்லை. பரபக்கம் உணர்ந்தமையாற் சுபக்கம் உறுதி பெற்றது. எபிரேய மறையையும் அதற்குரிய மொழி, காலம், இடம் என்பவற்றுடன் கற்பான், ஏற்பதாயினும் மறுப்பதாயினும், உள்ளதை உள்ளவாறு கூறுவான். அதுவே நூற்கும் நீதி. கற்றார்க்கும் அழகு என்க.